இன்னொண்ணு போலாமா, தம்பி?

முதல் நாள்: சேலம்

காலை ஐந்தரை என்று சொல்லிவிட்டு ஆறேகாலுக்குச் சென்னையிலிருந்து கிளம்பினோம். ஷூட்டிங்காக இருந்திருந்தால் இந்த முக்கால் மணி நேரத்துக்குப் புரொடக்‌ஷன் மேனேஜர் சாயங்காலம் வரை என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார். வாத்தியார் வேலையில் இது ஒரு சௌகரியம், தாமதத்துக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

ஒன்பது மாணவர்கள், ஒரு வேன், இரண்டு கேமரா, ஒரு ஸ்டாண்டு. லொகேஷன் பார்ப்பது எப்படி என்று வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டேன். நன்றாகத் தலையாட்டுகிறார்கள். குறும்படம் எடுக்கச் சொன்னால் அவரவர் வீட்டு மொட்டை மாடியிலேயே எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அதனால்தான் இந்த ஐந்து நாள் சுற்று: சேலம், கோபி, பொள்ளாச்சி, கோவை. அன்றன்று ராத்திரி இதை எழுதிப் போட்டுவிட வேண்டும் என்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வீட்டுப்பாடம்.

திண்டிவனம் தாண்டியதும் பின்சீட்டில் யாரோ போனில் படம் போட்டார்கள். முதலில் கவனிக்கவில்லை. அப்புறம் ஒரு வசனம் காதில் விழுந்தது. நான் எழுதிய வசனம். பதினான்கு வருடத்துக்கு முன்னால் வெளியாகி, மூன்றாவது வாரத்தைப் பார்க்காத என் முதல் படம். யாரோ ஒரு புண்ணியவான் மங்கலான பிரிண்ட் ஒன்றை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்.

நான் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு என் படத்தைக் காதால் கேட்டேன். படம் எடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள், தூக்கம் போய்விடும். டப்பிங்கில் எல்லோரும் ஒரே அறைக்குள் இருந்து பேசுகிறார்கள். வயலில் நடப்பவருக்கும் ஆஸ்பத்திரியில் நடப்பவருக்கும் ஒரே செருப்புச் சத்தம். பின்னணி இசை எங்கே ஓங்கி ஒலிக்கிறதோ அங்கே காட்சி படுத்துவிட்டது என்று அர்த்தம். முதல் பாதியில் ஆறு இடம் எண்ணினேன்.

ஆத்தூரில் சாப்பிட இறங்கியபோது காரைக்குடிப் பையன் பக்கத்தில் வந்து, "மியூசிக் நல்லா இருந்துச்சு சார்" என்றான். பிரிவியூ தியேட்டர் வாசலில் நின்று பழகியவர்களுக்கு இது புரியும். டைரக்டரிடம் வந்து மியூசிக்கையோ கேமராவையோ பாராட்டினால் அதற்கு மேல் கேட்கக் கூடாது. மற்ற எட்டுப் பேரும் சாம்பாரைப் பற்றிப் பேசினார்கள்.

சேலத்தில் ஏற்காடு அடிவாரம் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் வளைவு நிற்கிறது. அது மட்டும்தான் நிற்கிறது. உள்ளே வீடுகள். வேனை ஓரம் கட்டச் சொல்லி எல்லோரையும் இறக்கினேன். "இவ்வளவுதானா சார்?" என்றாள் திருநெல்வேலிப் பெண். அவள் எதையும் சுற்றி வளைத்துக் கேட்கிற ஆள் இல்லை.

இவ்வளவுதான் இப்போது. ஆனால் 1930களில் சென்னைக்குப் போகாமலே படம் எடுக்க முடியும் என்று ஒருவர் நினைத்து, செய்தும் காட்டிய இடம் இது. டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில் படித்தவர். ஊருக்கு வந்து ஸ்டுடியோ கட்டி, அதை மில் மாதிரியே நடத்தினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் இவர்கள் தயாரித்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இவர்கள் எடுத்தது. நூறு படங்களுக்கு மேல் இந்த வளைவுக்குள் இருந்து பெட்டியாக வெளியே போயிருக்கின்றன. நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள்.

மாதச் சம்பளம் என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இயக்கிய இரண்டு படத்துக்கும் பேசிய சம்பளம் முழுசாக வந்ததில்லை. வீட்டு வாடகையும் மகள் காலேஜ் ஃபீஸும் பாடம் சொல்லிக்கொடுக்கிற காசில்தான் போகின்றன. 'வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை' என்ற பழமொழியைச் சொந்தக்காரர்கள் என் முன்னால் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். அது 'வாக்குக் கற்றவனுக்கு' என்பதன் திரிபு என்று சொல்கிறவர்களும் உண்டு. இருக்கலாம். வாடகைத் தேதியில் எனக்கு முதல் வடிவம்தான் ஞாபகம் வரும்.

ராத்திரி தட்டுவடை செட். ஆளுக்கு இரண்டு தட்டு. லாட்ஜில் கொசு.

இரண்டாம் நாள்: கோபி

பவானி தாண்டி, கவுந்தப்பாடி வழியாக வந்தோம். ஆலையில் பாகு காய்ச்சும் வாசனை ஜன்னல் வழியே உள்ளே வந்ததும் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் போனைக் கீழே வைத்தார்கள். நான் இரண்டு வருடமாகச் சொல்லியும் நடக்காதது.

கோபிச்செட்டிபாளையத்தை ஏன் சினிமாக்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்கள் என்பதைக் கொடிவேரியில் போய் நின்றால் தெரிந்துகொள்ளலாம். பவானி ஆற்றின் அணையிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலும் அரக்கன்கோட்டை வாய்க்காலும் பிரிகின்றன. அந்தத் தண்ணீர் போகிற வரைக்கும் நெல், வரப்பில் தென்னை, பின்னால் மலை. கேமராவை எங்கே வைத்தாலும் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மூன்று அடுக்கு தானாகவே விழும். மலை இல்லாத ஊரில் இந்த மூன்றாவது அடுக்குக்காக ஆர்ட் டைரக்டர் உயிரை விடுவார். பொங்கல் முடிந்து அறுவடை நேரம் என்பதால் பாதி வயல் மஞ்சள், பாதி வெறும் தாள்.

மதியம் பயிற்சி கொடுத்தேன். பழைய பயிற்சிதான், எல்லா நாட்டிலும் சினிமா வாத்தியார்கள் கொடுப்பது. 1895இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த படங்கள் சுமார் 50 விநாடி ஓடும். அவர்களின் ஃபிலிம் சுருள் அவ்வளவு நீளம்தான். அதே மாதிரி ஒரே ஒரு ஷாட், ஒரு நிமிடம், கேமரா அசையக் கூடாது. இத்தோடு நான் சேர்த்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: ஒரே டேக். என்.ஜி., அதாவது சரியாக வராத டேக், ஆனாலும் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

ஏன் ஒரே டேக் என்று யாராவது கேட்பார்கள். நான் அதற்கென்றே காத்திருப்பேன். 35 எம்எம் ஃபிலிமில் ஒரு அடிக்குப் பதினாறு ஃபிரேம், விநாடிக்கு இருபத்து நாலு ஃபிரேம். 400 அடி ரோல் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆயிரம் அடி என்றால் பதினோரு நிமிடம். நான் அசிஸ்டென்டாக இருந்தபோது டைரக்டர் 'ஆக்‌ஷன்' சொன்னதும் கேமராவுக்குள் ஃபிலிம் ஓடும் சத்தம் கேட்கும், அது காசு ஓடும் சத்தம். ரோலின் கடைசியில் மிஞ்சும் முப்பது நாற்பது அடித் துண்டைக்கூடத் தூக்கிப் போடாமல் டப்பாவில் போட்டு எழுதி வைப்போம், இன்சர்ட் ஷாட்டுக்கு உதவும். அந்தப் பயம்தான் எங்களை யோசிக்க வைத்தது, உங்களிடம் மெமரி கார்டு இருக்கிறது, அதனால் யோசிப்பதில்லை. இப்படிப் போகும் என் பேச்சு. வருஷா வருஷம் இதைச் சொல்லி எனக்கே மனப்பாடம். கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்று மணிக்குப் பிரிந்து போனார்கள். நான் அணைக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டேன். கடைக்கார அம்மா, "ஏனுங்க, நீங்க படத்துல இருக்கறவங்களா?" என்று கேட்டார். வாத்தியார் என்றேன். "அப்படிங்ளா" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ராத்திரி லாட்ஜ் அறையின் சுவரில் ஒன்பது ஷாட்டையும் ஓட்டினோம். ஏழு சுமார். திருநெல்வேலிப் பெண் எடுத்தது நன்றாக இருந்தது: வாய்க்கால் படியில் ஒரு பாட்டி துணி துவைக்கிறார், துவைக்கிற சத்தம் எதிர்க்கரையில் மோதிக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வருகிறது. ஒரு நிமிடம் முழுக்க அவ்வளவுதான். காதை வைத்து எடுத்த ஷாட்.

காரைக்குடிப் பையனுடையது அதைவிட நன்றாக இருந்தது. வரப்பில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார், நடுவில் நிற்கிறார், கேரியரில் இருக்கும் கட்டைத் தொட்டுப் பார்க்கிறார், மறுபடி தள்ளுகிறார். அவர் நின்ற இடம் அப்படியொரு இடம். மூணேகாலுக்கு எடுத்தேன் என்றான். ஆனால் தென்னை நிழல் வரப்பைத் தாண்டி அடுத்த வயலில் விழுந்திருந்தது. மூணேகாலுக்கு ஜனவரியில் நிழல் அவ்வளவு தூரம் போகாது. அது அஞ்சு மணி நிழல்.

"எத்தனை டேக்?"

கொஞ்ச நேரம் கழித்து, "மூணு சார்" என்றான். சைக்கிள்காரரை மூன்று முறை நடக்க வைத்திருக்கிறான். கார்டிலிருந்து முதல் இரண்டையும் அழித்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றான். நாளைக்குப் பார்க்கலாம் என்று எல்லோரையும் தூங்க அனுப்பினேன். கோபத்தில் இருக்கும்போது பாடம் எடுக்கக் கூடாது, செட்டில் வாங்கிய திட்டெல்லாம் மாணவன் தலையில் இறங்கும்.

மூன்றாம் நாள்: கோபியிலேயே

இன்று ஒரு படப்பிடிப்பு. நாங்கள் எடுத்ததில்லை. பெரிய யூனிட் ஒன்று வயலில் இறங்கியிருந்தது. அதில் அசோசியேட் டைரக்டராக இருப்பவன் என் பழைய மாணவன். பிள்ளைகளை அழைத்து வந்தால் ஓரமாக நிற்கலாம் என்றிருந்தான்.

போனோம். நூறு பேருக்கு மேல் மேகம் விலகுவதற்காகக் காத்திருந்தார்கள். ஜெனரேட்டர் வண்டி, கேரவன், தெர்மோகோல் பிடித்தபடியே நின்றுகொண்டு தூங்கும் லைட்மேன். நாற்பது நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் வெயில் வந்து, ஒன்றரை நிமிடத்தில் மூன்று டேக் போய், மறுபடியும் மேகம். பிள்ளைகளுக்கு போர் அடித்துவிட்டது. இதை மட்டும் பார்த்துவிட்டுப் போனால்கூட எனக்குப் போதும், சினிமா வேலையில் பெரும்பகுதி இப்படி நிற்பதுதான்.

மாணவன் எனக்கு மானிட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டான். உட்கார்ந்தேன். மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஐந்து வருடமாகிறது. கறுப்புத் துணிக்குள் அந்த வெப்பமும் வயர் வாசனையும் வந்ததும் தொண்டையில் என்னவோ செய்தது. பத்து நிமிடம் கழித்து அவன் குனிந்து காதோரம் கேட்டான்: "சார், உங்க இடத்துல ஏதாவது வேகன்சி இருக்கா? பாடம் எடுக்க?"

மூன்று வருடமாக ராத்திரி நாலு மணி நேரத் தூக்கம். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்களாம், மாதச் சம்பளம் கேட்கிறார்களாம். நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவன் இடத்துக்கு ஏங்குகிறேன், அவன் என் இடத்தைக் கேட்கிறான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திரும்பி வரும் வழியில் என் மூன்றாவது படத்தின் தயாரிப்பாளருக்கு போன் போட்டேன். "அடுத்த மாசம் உட்கார்ந்து பேசிடலாம்" என்றார். இரண்டு வருடமாக அடுத்த மாசம்தான். சரி.

ராத்திரி காரைக்குடிப் பையனின் மூன்று டேக்கையும் வரிசையாக ஓட்டினோம். மனதுக்குள் நான் ஒரு காட்சியைத் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் டேக்கில் ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டதாம், அதனால்தான் இன்னொன்று போனானாம். அந்த நாய் வந்த டேக்தான் உயிருள்ள டேக், நீ தூக்கிப் போட்டது அதைத்தான் என்று நான் சொல்ல வேண்டும். வகுப்பு ஆஹா என்று வாயைப் பிளக்க வேண்டும்.

நாய் வந்தது. ஃபிரேமில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. சைக்கிள்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார், அப்புறம் கேமராவைப் பார்த்தார். அவ்வளவுதான், ஷாட் செத்துவிட்டது. இரண்டாவதில் அவர் நடிக்க ஆரம்பித்திருந்தார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார். மூன்றாவதில் களைத்துப்போய் கேமரா இருப்பதையே மறந்துவிட்டார். அதனால்தான் நின்று அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், கயிறு தளர்ந்திருக்கிறதா என்று.

பையன் செய்தது சரி. என் விதிதான் தப்பு. இதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. "மூணாவது நல்லா இருக்கு. ஆனா விதியை மீறினதுக்கு மார்க் குறைப்பேன்" என்றேன். நியாயமாகத் தோன்றும்படி சொல்லிவிட்டேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. திருநெல்வேலிப் பெண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான்காம் நாள்: பொள்ளாச்சி, சேத்துமடை சாலை

திருப்பூர், பல்லடம் வழியாக வந்தோம். பொள்ளாச்சியில் பயிற்சி எதுவும் வைக்கவில்லை. சேத்துமடை போகும் சாலையில் ஓரிடத்தில் வேனை நிறுத்தச் சொன்னேன். இரண்டு பக்கமும் புளியமரம் கவிந்து கூரை போட்ட மாதிரி இருக்கும் சாலை. எதிரே ஆனைமலை. 'லொகேஷன் பார்க்கும்போது திசைகாட்டி ஏன் வேண்டும்' என்பது இன்றைய பாடம். திட்டப்படி அவ்வளவுதான்.

இறங்கி நாலு அடி நடப்பதற்குள் திருநெல்வேலிப் பெண் கேட்டுவிட்டாள். "சார், இது அந்த அப்பா நடந்து போற ரோடுதானே?"

ஆமாம். என் படத்தின் கடைசிக் காட்சி. மகன் வீட்டிலிருந்து அப்பா கிளம்பிவிடுகிறார், இந்தச் சாலையில் நடந்து போய்க்கொண்டே இருக்கிறார். ஒரே ஷாட்டாக எழுதியிருந்தேன், திரும்பிப் பார்க்காத முதுகு, சாலை, மரம், சாயும் வெயில்.

"நடுவுல ஏன் சார் குளோசப் போட்டீங்க? முதுகுதானே நல்லா இருந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதினான்கு வருடமாக ஒரு பதில் தயாராக இருக்கிறது. வெளிச்சம் போய்விட்டது என்று. அது உண்மையும்கூட. லொகேஷன் பார்த்தது ஜூன் மாதம். ஜூனில் சூரியன் வடமேற்கே, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இறங்கும், மறைப்பதற்கு அங்கே மலை கிடையாது. கடைசி நிமிடம் வரை வெயில் மரத்துக்கு அடியில் நீளமாக வந்து விழுந்தது. நான் சொக்கிப்போனேன். ஷூட்டிங் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஜனவரியில் வந்து நின்றோம். ஜனவரியில் சூரியன் தென்மேற்கே போகிறது, அங்கே ஆனைமலை உட்கார்ந்திருக்கிறது. ஆறேகாலுக்குமேல் அஸ்தமனம் என்று பேப்பரில் போட்டிருந்தான். மலை அரை மணி நேரம் முன்னாலேயே சூரியனை எடுத்துக்கொண்டது. ஒரு திசைகாட்டியும் காலண்டரும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்திருந்தால் போதும். இந்தப் பாடத்தை நான் நன்றாக நடத்துவேன், என் தப்பையே உதாரணம் காட்டுகிற பெருந்தன்மையான வாத்தியார் என்ற பெயரும் கிடைக்கும்.

இன்றும் அதையே சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். சொல்லி முடித்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது, மணி பார்த்தேன், ஐந்தே முக்கால். நிழல் சாலையைக் கடந்து போனது. அப்புறம் மீதியையும் சொன்னேன்.

வெயில் போவதற்கு முன்னால் ஒரு டேக் எடுத்துவிட்டோம். அப்பாவாக நடித்தவர் பழைய நாடக நடிகர், எழுபது வயது. பாதி வழியில் அவருக்குக் கால் இடறியது. இடறியதைச் சமாளிக்க நடையைக் கொஞ்சம் கூட்டிவிட்டார், வீராப்பாகப் போகிற மாதிரி ஆகிவிட்டது. அவருக்கே தெரிந்தது. திரும்பி வந்து, மூச்சு வாங்க, "இன்னொண்ணு போலாமா, தம்பி?" என்று கேட்டார். வெயில் இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ஃபிலிமும் இருந்தது, ரோலில் இருநூறு அடி. ஆனால் ஆறு மணியைத் தாண்டினால் யூனிட் முழுக்கக் கூடுதல் பேட்டா. அன்று காலையில்தான் பட்ஜெட் மீறிவிட்டது என்று எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டியிருந்தேன். மறுபடியும் அவரை முதல் இடத்துக்கு நடக்க வைத்து, கேமராவைப் பார்த்து, ரெடி சொல்லி... முடிந்துவிடும், முடியாமலும் போகலாம்.

"இல்லைங்க ஐயா, ஓகே" என்றேன். "சூப்பர்" என்றும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். எடிட்டிங்கில் அந்த இடறலை மறைக்கத்தான் குளோசப். அடுத்த வாரம் வேறொரு ஊரில் அவரை நிறுத்தி எடுத்தது. உற்றுப் பார்த்தால் பின்னால் இருப்பது புளி இல்லை, வேம்பு.

யாரும் பேசவில்லை. காரைக்குடிப் பையன்தான் மெதுவாக, "அப்ப அந்த ஒரே டேக் விதி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்களிடம் ஃபிலிம் இல்லை, காசு இல்லை, நேரம் இல்லை. அந்த இல்லாமையைத்தான் இத்தனை வருடம் ஒழுக்கம் என்று பெயர் வைத்துப் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஃபிலிம் மிச்சமிருந்த அன்றுகூட அதைக் காரணமாக வைத்துத் தப்பித்திருக்கிறேன்.

இருட்டியதும் வேனில் ஏறினோம். இளநீர்க் கடை மூடியிருந்தது.

ஐந்தாம் நாள்: கோவை

காலையில் வெரைட்டி ஹால் ரோடு. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தவர். டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்து, உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்ப நினைத்தபோது, அவருடைய புரொஜெக்டரையும் படச் சுருள்களையும் இவர் வாங்கிக்கொண்டார். நிரந்தர வேலையை விட்டுவிட்டு டென்ட் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். 1914இல் இங்கே வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். பிற்பாடு அது டிலைட் தியேட்டர் ஆனது. இப்போது சினிமா இல்லை, தெருவுக்குப் பெயர் இருக்கிறது. ரயில்வே வேலையை விட்டபோது அவர் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு வசனத்தைச் சொன்னார்கள்.

இந்த ஊரில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவும் இருந்தது. 'மலைக்கள்ள'னை 1954இல் எடுத்து, அதே கதையைத் தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று மொத்தம் ஆறு மொழியில் எடுத்தவர். பான் இந்தியா என்று இப்போது போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு தகவலாக இருக்கட்டும்.

பதினொன்றரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஒரு மணி நேரம் கொடுத்து, மறுபடி அந்த ஒரு நிமிடப் பயிற்சியைச் செய்யச் சொன்னேன். டேக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கம் போய் நின்றுகொண்டார்கள். காரைக்குடிப் பையன் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் ஸ்டாண்டைப் போட்டான். கடைக்காரர் தராசில் எடைக்கல்லை வைத்து, எடுத்து, வைத்துக்கொண்டிருந்தார். ஒன்று எடுத்தான். இரண்டு. மூன்று. நாலாவது முடிந்து திரும்பி என்னைப் பார்த்தான். நான் பக்கத்து டீக்கடையில் இருந்தேன்.

டிரைவர் அண்ணன் பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றார். "சார், இப்ப எடுத்தாத்தான் ராத்திரிக்குள்ள மெட்ராஸ். லேட்டானா நைட் பேட்டா ஆயிடும்."

"எவ்வளவுண்ணே?"

சொன்னார். எண்ணிக் கொடுத்தேன். இன்னொரு டீ சொன்னேன், அவருக்கும் சேர்த்து.